காதுல ஒண்ணும் இல்ல, ஆனா வலிக்குது

எங்கள் குடும்பத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பேருக்குக் காது வலி வந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு. இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். இரண்டு பேர் காதுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "காதுல ஒண்ணும் இல்லையே, கிளீனா இருக்கு."

என் வலிக்குக் காரணம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது. மாமாவின் வலிக்குக் காரணம், தொண்டையின் அடியில் இருந்த புற்றுநோய்.

வலியை மட்டும் கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் மட்டும், உள்ளே ஆழத்தில், மந்தமாக, விட்டுவிட்டு வரும் வலி. ஆனால் ஒன்று ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது, இன்னொன்று ஒரு மனுஷனின் சாப்பாட்டையும் குரலையும் மாற்றிவிட்டது. காது நன்றாக இருக்கும்போது காது ஏன் வலிக்கிறது, அந்த வலியின் வேரை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு. நான் டாக்டர் இல்லை. மாமாவின் சிகிச்சை நடந்த மாதங்களில் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து படித்ததையும், டாக்டர்களை நச்சரித்துக் கேட்டுக்கொண்டதையும் எனக்குப் புரிந்த வரையில் ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

முதல் கேள்வி: காதேதான் காரணமா?

காது வலிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். காதிலேயே கோளாறு இருந்து வரும் வலி ஒன்று. கோளாறு வேறு எங்கோ இருக்க, காதில் தெரியும் வலி இன்னொன்று.

முதல் வகை பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காது மடலைப் பிடித்து இழுத்தாலோ, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினாலோ உயிர் போகிற மாதிரி வலித்தால், வெளிக்காதுக் குழாயில் புண் என்று அர்த்தம். பட்ஸ் போட்டுக் குடைகிறவர்களுக்கும் கிணறு குளம் என்று நீச்சலடிக்கிறவர்களுக்கும் இது அதிகம். சளி பிடித்து நாலு நாளில் காது அடைத்து, சத்தம் மந்தமாகி, காய்ச்சலோடு வலித்தால் நடுக்காதில் சீழ் கட்டியிருக்கலாம். செவிப்பறை சிவந்து புடைத்திருப்பது ஓட்டோஸ்கோப்பில் தெரியும். காளான் என்றால் வலியை விட அரிப்பு முந்திக்கொண்டு வரும்.

குழந்தைகளுக்குக் காது வலி என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். பெரியவர்களிடம் கணக்கு மாறுகிறது. காது கேட்பதில் குறை இல்லை, சீழ் இல்லை, அரிப்பு இல்லை, டாக்டர் பார்த்தால் செவிப்பறை முத்து மாதிரி பளபளவென்று இருக்கிறது, ஆனாலும் வலி போகவில்லை என்றால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது இரண்டாவது வகையை. நம்ம ஊரில் இந்த இடத்தில்தான் பலர் பாதை தவறுகிறோம். "காதுல ஒண்ணும் இல்ல" என்றதும் நிம்மதியாகி வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இல்லையென்றால் இன்னொரு சொட்டு மருந்து வாங்குகிறோம்.

பி.பி. நம்பர் கதை

தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் போன் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கல்யாணப் பத்திரிகையில், விண்ணப்பத்தில் எல்லாம் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு அருகில் 'பி.பி.' என்று எழுதுவோம். அந்த ஒரே போனிலிருந்து ஐந்து குடும்பங்கள் பேசும். எதிர்முனையில் நம்பரை மட்டும் பார்க்கிற வசதி இருந்திருந்தால், யார் பேசினாலும் போன் வைத்திருக்கிற வீட்டுக்காரர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

காது வலியிலும் இதுதான் நடக்கிறது. காதுக்கென்று தனியாக ஒரு வலி நரம்பு கிடையாது. உடம்பில் இவ்வளவு சின்ன இடத்துக்கு இத்தனை நரம்புகள் வந்து சேர்வது அபூர்வம். மூளையிலிருந்து வரும் நான்கு நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் இரண்டு நரம்புகளும் காதை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டிருக்கின்றன. அதே நரம்புகளின் மற்ற கிளைகள் பல்லுக்கும், தாடைக்கும், தொண்டைக்கும், குரல்வளைக்கும், கழுத்துக்கும் போகின்றன. இந்த நான்கு மூளை நரம்புகளின் வலிச் செய்திகளும் மூளைத்தண்டில் ஒரே நீண்ட நரம்புத் தொகுதியில் போய் இறங்குகின்றன. அந்தத் தொகுதி கழுத்துத் தண்டுவடத்தோடு தொடர்ச்சியாக இணைந்திருக்கிறது. அங்கே செய்திகள் ஒன்றோடொன்று கலக்கும்போது, தொண்டையிலிருந்து வந்த அழைப்பை மூளை காதிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது. வலி பொய் இல்லை, விலாசம்தான் தப்பு.

இதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். காதுக்குள் பட்ஸ் விடும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். காதுக் குழாயின் பின்சுவரைத் தொடும் வேகஸ் நரம்பின் கிளையைக் கிளறுவதால் வருவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் உடற்கூறு அறிஞர் ஃப்ரெடெரிக் ஆர்னால்டின் பெயரால் அந்தக் கிளையை ஆர்னால்டு நரம்பு என்கிறார்கள். காதைத் தொட்டால் தொண்டை இருமுகிறது என்றால், தொண்டையில் புண் வந்தால் காது வலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு சாட்சி, டான்சில் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள். ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்கு "காது வலிக்குதும்மா" என்று அழுவார்கள். காதில் ஒன்றும் இருக்காது. டான்சில் இருந்த குழியில் உள்ள புண்தான் காது வழியாகப் பேசுகிறது.

எந்த ஒயர் எங்கே போகிறது

இந்த வரைபடம் கையில் இருந்தால் தேடுவது எளிது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ட்ரைஜெமினல் நரம்பின் கீழ்க்கிளை: காது மடலின் முன்பக்கத்துக்கும் காதுக் குழாயின் முன்சுவருக்கும் வருகிறது. இதே கிளைதான் தாடை மூட்டு, கீழ்த்தாடைப் பற்கள், நாக்கின் முன்பகுதி எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சொத்தையான கடைவாய்ப்பல், பாதி முளைத்து நிற்கும் ஞானப்பல், தேய்ந்த தாடை மூட்டு, நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஆகியவை இந்த வழியாகக் காதில் தெரியும்.

முக நரம்பு: காது மடலின் குழிவிலும் குழாயின் பின்சுவரிலும் ஒரு சின்னப் பகுதி இதன் பங்கு. அக்கி வைரஸ் இந்த நரம்பின் முடிச்சில் விழித்துக்கொண்டால் முதலில் காது கடுமையாக வலிக்கும். கொப்புளமும் முகவாதமும் பிறகு வரும். 1907ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் இதை விவரித்தார்.

குளோசோஃபாரிஞ்சியல் நரம்பு: நடுக்காதும் செவிப்பறையின் உட்பக்கமும். டான்சில், நாக்கின் பின்பகுதி, தொண்டையின் பின்சுவர் எல்லாம் இதே நரம்பின் ஆட்சி.

வேகஸ் நரம்பு: காதுக் குழாயின் அடிப்பக்கமும் பின்சுவரும். இதன் மற்ற கிளைகள் குரல்வளை, கீழ்த்தொண்டை, உணவுக்குழாய், இன்னும் கீழே இதயம், வயிறு வரை போகின்றன. நெஞ்செரிச்சல்காரர்களில் சிலருக்குக் காது வலிப்பது இதனால்தான் என்கிறார்கள். மிக அரிதாக மாரடைப்பும் காது வலியாகத் தலைகாட்டியிருக்கிறது.

கழுத்தின் 2, 3ஆம் நரம்புகள்: காது மடலின் பின்பக்கமும் கீழ்ப்பகுதியும். கழுத்து எலும்புத் தேய்மானம், கழுத்துத் தசைப் பிடிப்பு ஆகியவை இங்கே காட்டும்.

இ.என்.டி. படிக்கும் மாணவர்கள் இதற்கு ஆங்கில 'டி' எழுத்தை வைத்து ஒரு பட்டியல் மனப்பாடம் செய்வார்களாம். டீத், டங், டான்சில், த்ரோட், தைராய்டு, டெம்பரோமாண்டிபுலர் மூட்டு என்று போகும். காது வலிக்கு எழுதும் பட்டியலில் காது கடைசியில்கூட வரவில்லை என்று ஒரு ஜூனியர் டாக்டர் சொல்லிச் சிரித்தார்.

என் கதை: தாடை

எனக்கு வலது காது. காலையில் எழுந்ததும் வலி அதிகம், மத்தியானம் குறைந்துவிடும். முறுக்கு, கடலை தின்றால் மறுநாள் கூடும். முதலில் பார்த்த டாக்டர் ஆன்டிபயாடிக்கும் சொட்டு மருந்தும் கொடுத்தார். பிரயோஜனம் இல்லை. இரண்டாவதாகப் போனது ஒரு இ.என்.டி. டாக்டரம்மாவிடம். காதைப் பார்த்து முடித்துவிட்டு, இரண்டு கையின் சுண்டு விரல்களையும் என் இரண்டு காதுக்குள் வைத்து லேசாக முன்பக்கம் அழுத்திக்கொண்டு, "வாயைத் திறந்து மூடுங்க" என்றார். வலது பக்கம் சுரீரென்றது. நான் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த அதே வலி.

"ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?"

"தெரியலையே மேடம்."

பக்கத்தில் இருந்த மனைவி, "மாவு மிஷின் மாதிரி நறநறன்னு சத்தம் கேக்கும் டாக்டர்" என்றாள். பதினைந்து வருடமாக என்னிடம் சொல்லாத ரகசியம்.

தாடை மூட்டு காதுக் குழாய்க்கு நேர் முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய எலும்புச் சுவர்தான். 1934ல் செயின்ட் லூயிஸ் நகரின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், தாடை மூட்டுக் கோளாறுகளும் காது வலியும் சேர்ந்து வருவதைப் பற்றி எழுதினார். பல் போனதால் தாடை பின்னால் நகர்ந்து நரம்பை நசுக்குகிறது என்று அவர் சொன்ன காரணத்தைப் பின்னால் வந்த உடற்கூறு ஆய்வுகள் தள்ளிவிட்டன. ஆனால் தாடைக்கும் காது வலிக்கும் உள்ள தொடர்பு நிலைத்துவிட்டது. காது நன்றாக இருந்தும் வலிக்கிற பெரியவர்களிடம் அடிக்கடி கிடைக்கும் காரணங்களில் பல்லும் தாடை மூட்டும் முன்வரிசையில் இருக்கின்றன.

சிகிச்சை பெரிதாக ஒன்றும் இல்லை. கடினமானதை மெல்லாமல் இருப்பது, வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் வலி மாத்திரை, கொட்டாவி விடும்போது தாடைக்குக் கை கொடுப்பது, ராத்திரி பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. ஆறு வாரத்தில் வலி போய்விட்டது.

ஆனால் அந்த டாக்டரம்மா, தாடைதான் என்று தெரிந்த பிறகும் என்னை விடவில்லை. ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். நாக்கை இழுத்துப் பிடித்து ஓரங்களைப் பார்த்தார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவினார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா டியூப் விட்டுத் தொண்டையின் அடிவரைக்கும் பார்த்தார். "தாடைன்னு தெரிஞ்சிடுச்சே, எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்றேன். "தாடை வலி இருக்கிறவங்களுக்குத் தொண்டையில வேற ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

மாமா கதை: தொண்டை

மாமாவுக்கு அறுபத்தோரு வயது. இளவயதிலிருந்து வெற்றிலை, சீவல், புகையிலை. நடுவில் பீடியும் உண்டு. இடது காதில் வலி ஆரம்பித்தபோது முதல் வைத்தியம் வீட்டிலேயே நடந்தது: தேங்காய் எண்ணெயில் பூண்டைக் காய்ச்சிச் சொட்டு விட்டார்கள். அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு ஒரு டிராப்ஸ். அப்புறம் ஒரு கிளினிக். காதில் அழுக்கு இருக்கிறது என்று எடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது, திரும்ப வலி. அடுத்த இடத்தில், "காதுல ஒண்ணும் இல்ல, வயசாச்சு, நரம்பு வலியா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி கொஞ்சம் அமுங்கியது. இப்படியே நான்கு மாதம்.

இந்த நான்கு மாதத்தில் யாரும் அவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் "ஆ" காட்டினால் தெரிவது டான்சில் வரைதான். நாக்கின் அடிவேர், குரல்வளையைச் சுற்றிய பள்ளங்கள், உணவுக்குழாயின் வாசல் எல்லாம் வளைவுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கண்ணாடியோ எண்டோஸ்கோப்போ வேண்டும்.

கண்டுபிடித்தது அத்தை. டாக்டர் பாஷையில் இல்லை, சமையல்காரி பாஷையில். "இவரு இப்பல்லாம் சோத்தை ரசம் ஊத்திக் கரைச்சுக் குடிக்கிறாரு. தோசை வேணாங்குறாரு. கேட்டா பசியில்லங்குறாரு." மாமாவிடம் "முழுங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லப்பா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. முழுங்க முடியாததை எல்லாம் தட்டிலிருந்தே விலக்கிவிட்டார், அதனால் கஷ்டம் தெரியவில்லை. வேட்டியை இழுத்துக் கட்டுகிற அளவுக்கு இளைத்திருந்தார்.

எனக்கு அந்த டாக்டரம்மா செய்தது ஞாபகம் வந்தது. அவரிடமே கூட்டிக்கொண்டு போனோம். கேமரா டியூப் உள்ளே போன ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது. குரல்வளைக்குப் பக்கத்தில், உணவு இறங்கும் பாதையில் பேரிக்காய் வடிவத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் கட்டி. கழுத்தில் விரல் வைத்துத் தேடினால் நெறியும் தட்டுப்பட்டது. சதைத் துணுக்குப் பரிசோதனை உறுதி செய்தது.

அந்தப் பள்ளத்தில் வரும் புற்றுநோய்கள் ரொம்ப நாள் சத்தம் போடாமல் வளரக்கூடியவை. இடம் தாராளமாக இருப்பதால் ஆரம்பத்தில் அடைப்பு தெரியாது, குரல் மாறாது. அந்த இடத்துக்கு வேகஸ் நரம்பின் கிளை போகிறது. அதனால் சிலரிடம் முதலில் வாய் திறப்பது காதுதான். பாக்கு மட்டுமே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலையும் அதே பிரிவில் இருக்கிறது. "வெறும் சீவல்தானே" என்று நம் வீடுகளில் சொல்வதை இனி நான் விட்டுவைப்பதில்லை.

எந்த வரிசையில் தேடுவது

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. மாமாவுக்கும் சுண்டு விரல் சோதனை செய்திருந்தால் தாடை வலித்திருக்கக்கூடும். பாதிப் பல் இல்லாத அறுபது வயதுக்காரரின் தாடை மூட்டு வலிப்பதில் விசேஷம் இல்லை. "தாடைதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் நான்கு மாதம் போயிருக்கும். காதிலிருந்து அழுக்கை எடுத்து, "இதுதான் காரணம்" என்று நிறுத்தியதும் இதே தப்புதான். கையில் கிடைத்த முதல் காரணத்தோடு தேடலை முடித்துக்கொள்வது.

ஆகவே அடிக்கடி வருகிற காரணத்தை ஏற்றுக்கொள்ளும் முன், ஆபத்தான காரணத்தை விலக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இருபத்தைந்து வயது, கெட்ட பழக்கம் இல்லை, மென்றால் வலி, பத்து நாள்தான் ஆகிறது என்றால் பல் டாக்டரிடம் போய்த் தாடையையும் பல்லையும் பார்த்துவிட்டுச் சில வாரம் காத்திருக்கலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் இ.என்.டி. டாக்டரிடம் போய், தொண்டையை எண்டோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம்:

- காது நன்றாக இருந்தும் ஒரே பக்க வலி இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டுகிறது
- புகையிலை, பாக்கு, பீடி, சிகரெட், மதுப் பழக்கம், இப்போதோ முன்போ
- முழுங்கும்போது உறுத்தல், சாப்பாட்டு முறை மாறியிருப்பது
- மூன்று வாரமாகத் தீராத குரல் கம்மல்
- கழுத்தில் கட்டி, காரணமில்லாத இளைப்பு, எச்சிலில் ரத்தம்
- வாயில் ஆறாத புண், அல்லது மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்க முடியாமை
- பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்து அடைப்பு நீடிப்பது (மூக்கின் பின்பகுதியைப் பார்க்க வேண்டும்)

இதில் எதுவும் இல்லை, தொண்டையும் சுத்தம் என்றால் அடுத்த வட்டம். பல்லுக்கு முழுத் தாடை எக்ஸ்ரே. கழுத்தைத் திருப்பினால் வலி கூடுகிறதா என்ற சோதனை. முழுங்கும்போது கரண்ட் அடித்த மாதிரி சில நொடி காதில் குத்தினால் குளோசோஃபாரிஞ்சியல் நரம்பு வலி. டான்சில் இருக்கும் குழியை விரலால் அழுத்தினால் அதே வலி வந்தால் காதுக்கு அடியிலிருந்து இறங்கும் ஊசி போன்ற எலும்பு நீண்டிருக்கலாம். 1937ல் வாட் ஈகிள் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தது அது. ஆனால் நீண்ட எலும்பு இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர். ஸ்கேனில் எலும்பு நீளம் என்றதும் அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது.

காது சுத்தம்போல் தெரிந்தும் ஏமாற்றுகிறவை

மூன்று நிலைமைகளை மட்டும் தனியாகச் சொல்கிறேன். இவற்றில் நாள் கணக்கு முக்கியம்.

ஒன்று, மேலே சொன்ன அக்கி. முதல் சில நாட்கள் கடும் வலி மட்டும் இருக்கும், காது சுத்தமாக இருக்கும். வீட்டில் யாராவது தினமும் காது மடலையும் மேல் அண்ணத்தையும் பார்க்க வேண்டும். கொப்புளம் தெரிந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும். மருந்தை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் முகம் தேறும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டு, சர்க்கரை நோயாளிகள். பார்த்தால் சாதாரணக் காதுப் புண், ஆனால் வலி அதற்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு அதிகம், ராத்திரி தூங்க விடாது. சூடோமோனாஸ் என்ற கிருமி எலும்புக்குள் இறங்கும் நோயாக அது இருக்கலாம். சொட்டு மருந்தோடு நிறுத்தினால் நரம்புகளையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகும்.

மூன்று, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் காது வலி, பொட்டுப் பகுதியில் தலைவலி, மெல்ல மெல்லத் தாடை அசந்துபோய் நிறுத்தினால் தேறுவது. தலையின் ரத்தக் குழாய் அழற்சி இப்படி வரும். பார்ப்பதற்குத் தாடை மூட்டு வலி மாதிரியே இருக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் வழி காட்டும். கண் மங்கினால் தாமதிக்கவே கூடாது, பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

டாக்டரிடம் போகும் முன்

டாக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் நாம் "காது வலி" என்று மட்டும் சொன்னால் அவர் காதைத்தான் பார்ப்பார். ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போகலாம்:

1. எந்தப் பக்கம், எத்தனை வாரமாக, நாளில் எந்த நேரம் அதிகம்?
2. எது கூட்டுகிறது: மெல்வதா, முழுங்குவதா, சூடு குளிர்ச்சியா, கழுத்தைத் திருப்புவதா, படுப்பதா?
3. வலியின் ரகம்: மந்தமா, துடிப்பா, கரண்ட் மாதிரியா?
4. கேட்கும் திறன், சீழ், அரிப்பு, இரைச்சல், தலைசுற்றல் உண்டா?
5. போன வருடம் சாப்பிட்டதில் எதை இப்போது சாப்பிடுவதில்லை?
6. பழக்கங்கள், ஒளிக்காமல்.
7. இதுவரை போட்ட சொட்டு மருந்து, மாத்திரைகளின் பெயர்.

ஐந்தாவது கேள்விக்கான பதிலை நோயாளியிடம் கேட்காமல் சமைக்கிறவரிடம் கேளுங்கள். ஆறாவதற்கும் அநேகமாக அதே ஆள்தான்.

எண்ணெய், பூண்டுச் சாறு எதுவும் காதில் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போய்விடும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகளும் ஓட்டை உள்ள காதில் உட்காதைக் கெடுக்கக்கூடியவை. பழைய பாட்டிலை எடுத்து விடுவதும், கடையில் கேட்டு வாங்குவதும் அதனால் சரியில்லை.

மாமாவுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இருக்கிறார். வாய் எப்போதும் வறண்டிருக்கிறது, எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கூடவே போகிறது. தோசை இன்னும் சாம்பாரில் ஊறித்தான் இறங்குகிறது. குரல் கரகரவென்று மாறிவிட்டது, போனில் பேசினால் யாரென்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த நான்கு மாதம் மிச்சமாகியிருந்தால் கழுத்துக்குப் பரவும் முன் பிடித்திருக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம் வந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றார்.

அவருக்குக் காது வலி எப்போது நின்றது தெரியுமா? கதிர்வீச்சு ஆரம்பித்த சில வாரங்களில். காதில் யாரும் கையே வைக்கவில்லை.

வீட்டில் யாருக்காவது "காதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பினால், "அப்ப வேற எங்க இருக்கு டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.